யாளி வாயும் முந்நூறு வாக்காளர்களும்

ஏழு ஆறுகளும் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்ட நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் தெளிநாடு. ஆறுகளைப் பற்றி அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. தொட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். நாட்டை யார் ஆள்வது என்பதை அந்தத் தொட்டியில் இருந்த தங்கமீன்கள்தான் முடிவு செய்தன.

அது முன்னோர் செய்த ஏற்பாடு. மக்களைக் கேட்டால் சண்டை வரும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். மீனுக்குச் சாதி இல்லை, மாமன் மச்சான் இல்லை, நீட்டி வாங்கக் கையும் இல்லை. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐப்பசி முதல் நாளன்று, முப்பதடி நீளத் தொட்டியின் வலது கோடியில் ஆளும் அதிபர் வந்து நிற்பார். இடது கோடியில் அவரை எதிர்ப்பவர் நிற்பார். சங்கு ஊதியதும் பாதிக்கு மேற்பட்ட மீன்கள் எந்த முகத்தின் முன்னால் கூடுகின்றனவோ, அந்த முகம் நாட்டை ஆளும். இதற்கு மீன் தீர்ப்பு என்று பெயர்.

வலது கோடியில், அதிபரின் தலைக்கு நேர் மேலே, கல்லில் செதுக்கிய யாளி ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. வாய்க்கால் நீர் அதன் வாய் வழியாகத் தொட்டிக்குள் விழுந்தது. பழைய நீர் இடது கோடியில் ஒரு துளை வழியாக வெளியேறியது. ஆளுகிறவருக்கு ஓர் அழகு வேண்டும் என்று வைத்த யாளி அது. வேறு உள்நோக்கம் இருந்ததாக ஆவணங்களில் இல்லை.

தொட்டிக் காப்பாளராக சாமந்தி என்ற இளம்பெண் இருந்தாள். நீரியல் படித்தவள். மனிதர்கள் முன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மீன்களிடம் அந்தத் தொல்லை இல்லை. தினமும் காலையில் தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்து மீனின் நிறம், துடுப்பு, பசி, நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவாள். பிறகு ஒரு மீனைத் தேர்ந்துகொண்டு, நாழிகை வட்டில் என்ற நீர்க்கடிகாரத்தில் ஒரு கோடு நீர் இறங்கும் நேரத்துக்குள் அதன் செவுள் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணுவாள். எண்ணிக்கை கூடினால் மீனுக்கு ஏதோ வருத்தம் என்று பொருள். குறிப்பேட்டை யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் காட்டியதில்லை.

அதிபர் மாவளவர் முதல்முறை வென்றபோது அறுபது மீன்களில் முப்பத்திரண்டு அவர் பக்கம் வந்திருந்தன. வெற்றி வெற்றிதான். ஆனாலும் அவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

"மற்ற இருபத்தெட்டும் என்னிடம் என்ன குறை கண்டன?" என்று நற்செய்தி அமைச்சரைக் கேட்டார்.

நற்செய்தி அமைச்சர் பூதலிங்கனார் நல்ல செய்தி இல்லாத நாளில் அதைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தார். "குறை மீன்களிடம் இல்லை. எண்ணிக்கையில் இருக்கிறது. அறுபது என்பது ஒரு நாட்டுக்கு அழகா? முந்நூறு ஆக்குவோம். அன்பும் ஐந்து மடங்காகும்" என்றார்.

மறுநாளே குளங்களிலிருந்து இருநூற்று நாற்பது மீன்கள் கூடைகூடையாக வந்தன. சாமந்தி வாசலில் நின்று, தைரியத்தைத் திரட்டி, "புதுசைத் தனியா ரெண்டு வாரம் வெச்சுப் பார்க்கணுங்க. சீக்கு ஏதும் இருந்தா இதுகளுக்கும் ஒட்டிக்கும். அதோட இந்தத் தொட்டிக்கு அறுபதே நெருக்கந்தானுங்க" என்றாள்.

"வந்தாரை வாழவைக்கும் நாடு அம்மா இது. விருந்தினரை வாசலில் நிறுத்தி நாடி பார்ப்பதா?" என்றார் அமைச்சர். கூடைகள் கவிழ்ந்தன.

ஒரு வாரம் கழித்து ஒத்திகைத் தீர்ப்பு ஒன்று நடத்தினார்கள். நூற்றுக்கு எழுபது மீன்கள் அதிபர் பக்கம் கூடின. ஆணை பலித்துவிட்டது.

ஆணை பலித்தால் ஆள்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. தொட்டிக்குள் இருந்த கற்களும் பாசிக் கொத்துகளும் அடுத்து அகற்றப்பட்டன. "ஒளிந்து வாழும் குடிமகன் எதை ஒளிக்கிறான்?" என்று கேட்டது அந்த ஆணை. ஒத்திகையில் நூற்றுக்கு எண்பது. பிறகு, ஐந்தாம் ஆண்டு பிறந்ததும், இருளற்ற ஆட்சி என்பதை மெய்ப்பிக்கத் தொட்டியைச் சுற்றி நாற்பது விளக்குகள் இரவும் பகலும் எரிந்தன. பிறகு பொரித் திட்டம் வந்தது. தொட்டி இருந்த அரங்குக்கு வருகிற ஒவ்வொருவரும் அதிபர் பெயரைச் சொல்லி ஒரு கைப்பிடிப் பொரியைத் தொட்டியில் போட வேண்டும். போட்டபின் மீன்களுக்கு வணக்கம் சொல்லும் முறையில் கண்ணாடியை மூன்று தடவை தட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து தட்டினார்கள். தின்னாத பொரி அடியில் ஊறி, சாம்பல் நிறக் களியாகப் படிந்தது. ஒத்திகையில் நூற்றுக்குத் தொண்ணூறு.

சாமந்தியின் குறிப்பேட்டில் செவுள் எண்ணிக்கை எழுபதிலிருந்து நூறைத் தாண்டியிருந்தது. அவள் மூன்று நாள் யோசித்து அமைச்சரைப் பார்க்கப் போனாள்.

"ஐயா, மீனெல்லாம் தண்ணிக்கு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது."

"வாழ்த்துகின்றன."

"நெறம் வெளுத்துப் போச்சுங்க."

"முன்பு ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று புள்ளி. இப்போது ஏற்றத்தாழ்வு ஒழிந்தது. மேலே சொல்."

"துடுப்ப ஒடம்போட ஒட்ட மடக்கிக்கிட்டு மூலையில நிக்குது."

"கைகட்டி நிற்கின்றன. பணிவு."

"கண்ணாடியில போயி விலாவ உரசுது. திடுதிடுன்னு குறுக்க ஓடுது."

"சுறுசுறுப்பு."

"திங்கவே மாட்டேங்குதுங்க."

"நிறைவு."

சாமந்தி, "சாகுதுங்க" என்றாள்.

அமைச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு சொல் நம் பதிவேட்டில் இல்லை. ‘இடம்பெயர்ந்தோர்’ என்று ஒரு பத்தி திறந்திருக்கிறோம். அதில் எழுது."

அன்று அவர்கள் பேசியதை எழுத்தர் ஒருவர் குறித்துக்கொண்டார். அது "மகிழ்ச்சி அகராதி" என்ற பெயரில் அச்சாகி எல்லா அலுவலகங்களுக்கும் போயிற்று. வாய்க்கால் வறண்டதைச் சொல்ல அறுபது கல் நடந்து வந்த ஓர் உழவர், மனு மண்டபத்துப் படியில் பேச்சு வராமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். எழுத்தர் அகராதியைப் புரட்டி, "வாழ்த்தினார்" என்று எழுதி அவரைத் திருப்பி அனுப்பினார்.

கடைசி ஆணை யாளியைப் பற்றியது. அதிபர் வாரம் ஒருமுறை மீன்களுக்கு உரையாற்றுவார். யாளி வாயிலிருந்து விழும் நீர் சளசளத்து அவர் குரலை அமுக்குகிறது என்று புகார் எழுந்தது. கல்தச்சர் வந்து யாளியின் வாயை மரமுளை அடித்து அடைத்தார். சுண்டுவிரல் கனத்துக்கு மட்டும் நீர் சத்தமில்லாமல் இறங்கியது. அடுத்த ஒத்திகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. மீன்கள் யாளியின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மொய்த்தன. அதிபரின் கண்கள் கலங்கின. "இவ்வளவு அன்புக்கு நான் என்ன செய்தேன்?" என்றார். அவர் உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரத்தில் நாளைக்குப் பத்துப் பதினொன்று என்று மீன்கள் இடம்பெயர்ந்தன. தீர்ப்புக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அரண்மனை அடுக்களைக்குத் தண்ணீர் சுமக்கும் பேச்சியக்காள் அந்த வழியாகத்தான் போவாள். உரத்த குரலும் அகன்ற இடுப்பும் உள்ளவள். சாமந்தி அவளை நிறுத்தி, "அக்கா, தொட்டியில மட்டம் எறங்கியிருக்கு. ஒரு கொடம் ஊத்திட்டுப் போங்களேன்" என்றாள். பேச்சியக்காளுக்கு வலது கோடி வரை நடக்கப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலேயே, இடது கோடியில், குடத்தைச் சரித்தாள்.

மொத்த மீனும் திரும்பியது. முப்பதடியையும் ஒரே வீச்சில் கடந்து வந்து, குடத்து நீர் விழுந்த இடத்தில் முட்டிமோதியது.

"அடி ஆத்தி! எம்மேல இம்புட்டுப் பாசமா இதுகளுக்கு?"

சாமந்தி முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அக்கா, இன்னொரு கொடம். இப்ப நடுவுல ஊத்துங்க. ஒசரத்துல இருந்து ஊத்துங்க."

நடுவில் ஊற்றினாள். மீன்கள் நடுவுக்கு வந்தன. மறுபடி இடது கோடியில் ஊற்றினாள். அங்கே போயின. வலது கோடியில் அதிபரின் முழு உருவப் படம் மட்டும் மீன்களுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒங்கமேல பாசம் இல்லக்கா. மூச்சுக்குத் தவிக்குது. தண்ணி விழுந்து கலங்குற எடத்துலதான் காத்துக் கலக்கும். அங்கதான் அதுகளால மூச்சு விட முடியும்."

பேச்சியக்காள் குடத்தை இடுப்பில் வைத்தபடி யாளியைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். "அப்ப அவரு?" என்றாள்.

"அவரு அதுக்குக் கீழ நிக்கிறாரு. அவ்வளவுதான்."

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஒத்திகை வாக்குகளையும் எதிர்ப்பக்கத்தில் செவுள் எண்ணிக்கையையும் சாமந்தி எழுதிப் பார்த்தாள். மூச்சு முட்ட முட்ட வாக்கு ஏறியிருந்தது. ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை.

அதை எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனாள். பூதலிங்கனார் இரண்டு முறை படித்தார். முதல் முறை படித்தபோது அவர் முகம் நிறம் மாறியது. இரண்டாம் முறை முடித்ததும் அது பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

"அறிவியல் நல்லதுதான் அம்மா" என்றார். "தீர்ப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்."

"தீர்ப்பு வரைக்கும் தாங்காதுங்க."

"பாதி தாங்கினால் போதும். ஒன்று நினைவில் வை. தீர்ப்பில் ஏதேனும் பிசகினால் காப்பாளரே பொறுப்பு. உப்பளத்துக்கு அனுப்புவது மரபு. அங்கே மீன் கிடையாது. உனக்கு ஓய்வாக இருக்கும்."

பேச்சியக்காளின் வாயில் எதுவும் நிற்காது. சேதி அடுக்களை வழியாக ஊருக்குள் போய், எதிர்வேட்பாளர் நெடுங்கிள்ளியாரின் காதை எட்டியது. மூன்று முறை தோற்றவர் அவர். தீர்ப்புக்காக அரங்கைப் பூட்டுவதற்கு முந்தைய நாள், பொரி போட வருகிறவரைப்போல வந்தார்.

"மகளே, உன்னால் நாட்டுக்கு விடிவு வரப்போகிறது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "தீர்ப்பன்று உன் தண்ணீர்க்காரி ஒரு குடத்தை என் பக்கம் கவிழ்த்தால் போதும். நான் வென்றதும் நீதான் நீர்த்துறைத் தலைவி."

"ஜெயிச்ச பெறகு யாளி வாயி முளைய எடுத்துருவீங்களா?"

"எடுப்பானேன்? யாளியையே இடது பக்கத்துக்கு மாற்றிவிடுவோம். தச்சரிடம் பேசியாயிற்று."

"மீனுங்க?"

"மீனுக்கென்ன? என்னிடம்தானே வரப்போகின்றன."

சாமந்தி திரும்பி ஒரு மீனின் செவுளை எண்ணத் தொடங்கினாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மூன்று தடவை தட்டிவிட்டுப் போனார்.

தெளிநாட்டுச் சட்டப்படி தீர்ப்புக்கு முந்தைய எட்டு நாள்கள் பிரசார ஓய்வு. யாரும் மீன்களின் மனத்தைக் கலைக்கக் கூடாது. அரங்கைப் பூட்டி, வாசலில் காவல் வைத்து, காப்பாளரையும் தண்ணீர் சுமக்க ஒருவரையும் மட்டும் உள்ளே விடுவார்கள். ஒத்திகை கிடையாது, உரை கிடையாது, பொரி கிடையாது. எட்டு நாளும் எந்த அதிகாரியும் தொட்டியைப் பார்க்க மாட்டார்.

கதவு சாத்தியதும் சாமந்தி முதல் வேலையாக நாற்பது விளக்குகளையும் ஊதி அணைத்தாள். மேல் சாளரத்திலிருந்து வந்த பகல் வெளிச்சம் மட்டும் நீரில் விழுந்தது. இத்தனை மாதமாக உறங்காத மீன்கள் அசையாமல் நின்றன.

"மொத்தத் தண்ணியயும் எறச்சிப் போட்டுட்டுப் புதுசா ரொப்பிருவமா? ஒரே நாள்ல சோலி முடிஞ்சிரும்" என்றாள் பேச்சியக்காள்.

"ஒரேயடியா மாத்தினா அந்த அதிர்ச்சியிலயே செத்துரும்க்கா. நாளைக்குக் கால்வாசிதான். அதுவும் கொண்டாந்த தண்ணிய மத்தியானம் வரைக்கும் இங்கயே வெச்சு, சூடு ஒண்ணான பெறகுதான் ஊத்தணும்."

"எம்புருசனுக்குக்கூட நான் இம்புட்டுப் பாத்து வெந்நி வெச்சதில்ல."

அடியில் கிடந்த பொரிக் களியை எடுக்கப் பப்பாளி இலைத் தண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் குழலாக்கினார்கள். ஒரு முனையைத் தொட்டியின் அடியில் வைத்து, மறுமுனையைச் சாமந்தி வாயால் உறிஞ்சினாள். களி குழலேறி அவள் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. பேச்சியக்காள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அரசாங்கப் பொரி எப்படிடி இருக்கு?" சாமந்தி துப்பிவிட்டு அவளும் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்துப் பேச்சியக்காள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள், பலவீனமாகாத மீன்களைக் குடங்களில் எடுத்துப் பின்புறத் தாமரைக் குளத்தில் விட்டார்கள். அறுபது போதும், மற்றவை அங்கே பிழைத்துக்கொள்ளும். எட்டாவது நடைக்கு வாசல் காவலர் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்.

"கொடத்துல என்ன? உள்ள என்னதான் செய்றீக?"

சாமந்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சியக்காள் முந்தானையை உதறிச் செருகினாள். "வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்குதுய்யா. ஒமக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரிஞ்சா வந்து ஒக்காரும், வேல கெடக்கு."

காவலர் ஈட்டியை எடுத்துக்கொண்டார். அன்றைய பதிவேட்டில் சாமந்தி "இடம்பெயர்ந்தோர்: நூற்று எட்டு" என்று எழுதினாள். அந்தப் பத்தியில் முதன்முதலாக உண்மை எழுதப்பட்டது.

குளத்தோரம் வீசி எறிந்திருந்த கற்களும் பாசியும் கழுவப்பட்டுத் தொட்டிக்குத் திரும்பின. யாளி வாயின் முளையைச் சாமந்தியால் பிடுங்க முடியவில்லை. ஆகவே கணு நீக்கிய மூங்கில்களை முப்பதடிக்குச் சேர்த்து, சாண் இடைவெளியில் துளையிட்டு, யாளியின் வாயிலிருந்து தொட்டியின் மறுகோடி வரை கட்டினாள். அதே சுண்டுவிரல் நீர்தான். ஆனால் இப்போது தொட்டி முழுக்கச் சொட்டியது. பேச்சியக்காள் கொண்டுவந்த நீரையும் அதன் வழியாகவே ஊற்றினார்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. ஐந்தாம் நாள் செவுள் எண்ணிக்கை தொண்ணூறுக்கு இறங்கியது. ஆறாம் நாள் ஒரு மீன் துடுப்பை விரித்தது. பிறகு மற்றவை விரித்தன. ஏழாம் நாள் சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் திரும்பின. ஊமை போல மூலையில் கிடந்த கிழட்டு மீன் ஒன்று கல்லிடுக்கில் மூக்கை நுழைத்து, பொடிக்கல்லை வாயில் எடுத்துத் துப்பி, மறுபடி எடுத்துத் துப்பியது. சாமந்தி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செவுளை எண்ணி, எழுபது என்று எழுதினாள்.

எட்டாம் நாள் மாலை அவள் ஒரு மாற்றுச் சேலையையும் குறிப்பேட்டையும் துணிப்பையில் வைத்துக் கட்டினாள்.

"உப்பளத்துக்கா?" என்றாள் பேச்சியக்காள். "பயமா இருக்காடி?"

"இருக்குக்கா."

"பெறகு ஏன் செஞ்ச? ஒரு பக்கமா ஊத்தியிருந்தா அவரு வந்திருப்பாரு, சும்மா விட்டிருந்தா இவரு வந்திருப்பாரு. ரெண்டுல ஒண்ணுல நீ தப்பிச்சிருக்கலாம்."

"செத்துக்கிட்டிருந்துச்சேக்கா" என்றாள் சாமந்தி. வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. அதிபர் மாவளவர் பட்டு உடுத்தி வலது கோடியில் நின்றார். நெடுங்கிள்ளியார் இடது கோடியில் நின்று, கூட்டத்தில் பேச்சியக்காளின் குடத்தைத் தேடினார். அவள் வெறுங்கையோடு முன்வரிசையில் நின்றாள். சட்டப்படி அதிபரின் பதவிக்காலம் முடிந்தது என்று அறிவித்தார்கள். சங்கு ஊதியது.

மீன்கள் வரவில்லை.

அவை எங்கும் போய்விடவும் இல்லை. இரண்டு ஒன்றையொன்று துரத்தி விளையாடின. சில பாசிக்குள் புகுந்து வெளியே வந்தன. ஒன்று கல்லின் பின்னால் தூங்கியது. ஒரு சிவப்பு மீன் அதிபரின் முகத்துக்கு நேரே வந்தது. அரங்கம் மூச்சைப் பிடித்தது. மீன் அவரைப் பார்த்தது, வாலை ஒருமுறை வீசியது, திரும்பிப் போய்விட்டது.

எண்ணுகிறவர்கள் எண்ணினார்கள். வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் மூன்று. அந்த மூன்றில் ஒன்று எண்ணும்போதே நகர்ந்துவிட்டது.

"மீன்களுக்கு நோய்!" என்று பூதலிங்கனார் கூவினார். "பாருங்கள், துடுப்பை விரித்து நிற்கின்றன. ஆணவம்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பிரிவினை! ஒன்றுகூட வாழ்த்தவில்லை!" மேலே சொல்லச் சொல் கிடைக்காமல் அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"யோவ், அமைச்சரு வாழ்த்துறாருய்யா!" என்றாள் பேச்சியக்காள்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மொத்த அரங்கமும் சிரித்தது. அறுபது கல் நடந்து வந்து திரும்பிப் போன உழவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காப்பாளரே, இவை என்னை மறந்துவிட்டனவா?" என்று கேட்டார்.

மொத்த அரங்கமும் சாமந்தியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் மீனைப் பற்றிய கேள்வி அது. மீனைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும்.

"மறக்கலீங்க. மூச்சு வந்துருச்சு. அவ்வளவுதான்."

பூதலிங்கனார் சுதாரித்து, "இவளை உப்பளத்துக்குக் கொண்டுபோங்கள்!" என்றார். காவலர்கள் ஆணை ஓலையை நீட்டினார்கள். அதிபர் கையொப்பமிட வேண்டிய இடம் காலியாக இருந்தது. "இப்ப அதிபர் யாருங்க?" என்று காவலர் ஒருவர் பணிவாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஓலையைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள்.

சட்டநூலைத் தூசி தட்டி எடுத்துவந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஏடுகளைப் பிரித்தபோது ஒரு வரி அகப்பட்டது. "மீன்கள் யார் பக்கமும் சேராவிடில், மக்கள் கேட்கப்படுவர்." பூதலிங்கனார் அது எழுத்துப்பிழையாக இருக்கக்கூடும் என்றார். சட்டம் வாசிப்பவர் மூன்று முறை வாசித்துப் பார்த்தார். பிழை இல்லை.

மக்கள் தீர்ப்புக்கு ஏழு நாள் குறித்தார்கள். முறை அதேதான். பெரிய மைதானத்தின் இரண்டு கோடிகளிலும் இருவரும் மேடை போட்டு நிற்பார்கள். சாமந்தியின் குறிப்பேட்டைச் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இரு தரப்பும் அதை மிகுந்த கவனத்தோடு படித்தன. அதன் பிறகு அவர்கள் ஒரே ஒரு விஷயத்தில், நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒத்துப்போனார்கள். பழுதுபார்ப்பதற்காக ஊர் வாய்க்கால்கள் அத்தனையும் ஏழு நாள் அடைக்கப்பட்டன. இரண்டு மேடைகளின் அடியிலும் பெரிய பெரிய தண்ணீர்ப் பந்தல்கள் எழுந்தன. மோரும் உண்டு என்று முரசறைந்தார்கள்.

ஆனால் அரங்கத்தில் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்திருந்தார்கள். தெருத்தெருவாக ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். முதல் தெரு தோண்டிய ஊற்றில் அடுத்த தெரு மொண்டது. ஏழாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மக்கள் குடமும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். எந்தக் கோடிக்கும் போகாமல், புங்கமரத்து நிழல் எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார்கள்.

சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. மறுபடி ஊதியது. ஒரு குழந்தை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பளத்தைக் கடித்தது. இரண்டு பந்தல்களிலும் மோர் புளித்துக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது, மாவளவர் மேடையிலிருந்து ஒரு படி இறங்கினார். அதைப் பார்த்து நெடுங்கிள்ளியாரும் அவசரமாக இறங்கினார். இருவரும் மைதானத்தின் நடுவை நோக்கி நடந்தார்கள். கூட்டத்துக்குள் நடந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. யார் காலையாவது மிதித்துவிடுவோமோ என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முதல் நிழலில் நின்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வியை அதற்குமுன் யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. பிறகு ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். அது முடிய வெகுநேரம் ஆயிற்று. அடுத்த நிழலில் அந்த உழவர் இருந்தார். அங்கே இன்னும் நேரமாயிற்று.

பொழுது சாய்கையில் நெடுங்கிள்ளியார் இன்னும் ஐந்தாவது மரத்தடியில் கேட்டுக்கொண்டிருக்க, மாவளவர் ஆறாவது மரத்தடிக்கு வந்தார். பட்டு அழுக்காகியிருந்தது. பேச்சியக்காளுக்குப் பக்கத்தில் சாமந்தி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். நின்றபடியே கேட்டார்.

பேச்சியக்காள் வாயைத் திறந்தாள். சாமந்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"சொல்றேன்" என்றாள். "உக்காருங்க. நேரமாகும்."